கும்பிடும்போது ஒட்டாத விரல்கள்: கைக்குள் சீனி செய்யும் வேலை

வாசிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பிப் பாருங்கள். முழங்கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தி, முன்கைகள் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும்படி பிடியுங்கள். உள்ளங்கைகளும் பத்து விரல்களும் அடியிலிருந்து நுனிவரை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். சிலருக்கு ஒட்டாது. உள்ளங்கைகள் சேரும், நுனிகளும் சேரும், ஆனால் நடு மூட்டுகளில், பெரும்பாலும் சின்ன விரலில் தொடங்கி, வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் மூடாது.

மருத்துவர்கள் இதனைப் 'பிரார்த்தனை அறிகுறி' என்றே அழைக்கிறார்கள். கோணேசர் கோயிலிலும் பத்திரகாளி அம்மன் கோயிலிலும் அன்றாடம் ஆயிரம் பேர் தம்மை அறியாமலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்கிறார்கள். ஆனால் அதன் முடிவை யாரும் வாசிப்பதில்லை.

விரல் நிமிரவில்லை என்றால் எங்கள் ஊரில் கிடைக்கும் விளக்கங்கள் மூன்று. 'நரம்பு இழுத்துப்போட்டுது' என்பது ஒன்று. 'வாதம்' என்பது இன்னொன்று. கரைவலை இழுப்பவராகவோ மேசனாகவோ இருந்தால் 'வேலை செய்த கை அப்படித்தான் இருக்கும்' என்பது மூன்றாவது. மூன்றுமே எண்ணெய் பூசி உருவிவிடுவதில் போய் முடியும். இவற்றில் எதுவும் முழுப் பொய்யல்ல. விரலை மடக்கும் நோய்களில் ஒன்று உண்மையிலேயே நரம்பிலிருந்துதான் வருகிறது. இன்னொன்றில் வேலைக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் இங்கே அதிகம் பேரைத் தொடக்கூடிய காரணம் இந்த மூன்றிலும் இல்லை. அது இரத்தத்தில் இருக்கும் சீனி.

மூன்று புரிக் கயிறு

விரலை நிமிர்த்துவதும் மடக்குவதும் தசைகள். ஆனால் அந்த அசைவுக்கு இடம் கொடுப்பவை தோல், தோலுக்குக் கீழுள்ள நார்ப்படலம், மூட்டைச் சுற்றிய உறை, தசைநாண்கள் ஆகியவை. பாடசாலையில் 'தொடுப்பிழையம்' என்று படித்தோமே, அதுதான். இதன் முதன்மையான கட்டுமானப் பொருள் கொலாஜன் என்ற புரதம். மனித உடலில் மிக அதிகமாக உள்ள புரதமும் இதுவே.

கொலாஜனின் வடிவத்தை உலகுக்குச் சொன்ன ஆய்வு சென்னையில் நடந்தது என்பது தமிழில் போதிய அளவு பேசப்படாத விடயம் என்று நினைக்கிறேன். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறைக்குத் தலைமை ஏற்று வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். பிரித்தானிய விஞ்ஞானி ஜே. டி. பேர்னால் அங்கு வந்தபோது, கொலாஜனின் வடிவம் இன்னும் தீராத புதிர் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் ஒன்றை வாங்கி, எக்ஸ் கதிர் படங்கள் எடுத்தார்கள். 1954இல் 'நேச்சர்' இதழில் அவர்களின் முதல் விடை வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு என்ற வடிவத்தை முன்வைத்தார்கள். இழைகளுக்கிடையே உள்ள பிணைப்புகளின் எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜிலிருந்த ரிச்சும் கிரிக்கும் வேறு கணக்குச் சொன்னார்கள். மூன்று புரி என்ற அடிப்படை மட்டும் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மூன்று புரியும் நெருக்கமாக முறுகவேண்டுமானால் நடுவில் புடைப்பு இருக்கக்கூடாது. அதனால்தான் கொலாஜன் இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் வருகிறது. இருப்பதிலேயே மிகச் சிறியது அதுதான், உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். முறுக்கு அவிழாமல் இருக்க இன்னொரு அமினோ அமிலமான புரோலினுடன் ஒட்சிசன் சேர்க்கப்பட வேண்டும். அந்த வேலைக்கு விற்றமின் சி அவசியம். மாதக்கணக்காகப் பழமோ மரக்கறியோ இல்லாமல் கடலில் இருந்த பாய்க்கப்பல் காலத்து மாலுமிகளின் ஈறுகள் கரைந்ததும் பழைய காயங்கள் மறுபடி திறந்ததும் இந்தக் கயிறு முறுகாமல் போனதால்தான்.

முறுக்கிய கயிறுகளை அருகருகே அடுக்கிய பின், உடல் அவற்றுக்கிடையே அங்கங்கே முடிச்சுப் போடுகிறது. இதற்கென ஒரு நொதியம் இருக்கிறது. எங்கே முடிச்சு, எத்தனை முடிச்சு என்பதெல்லாம் கணக்காக நடக்கும். வலையை எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சு போதாவிட்டால் வலை பிரிந்துபோகும். தேவையில்லாத இடத்திலெல்லாம் முடிச்சு விழுந்தால் வலை விரியாது.

பாணின் மேற்புறம் ஏன் சிவக்கிறது?

தேவையில்லாத முடிச்சுகளைப் போடுவதுதான் சீனி. பேக்கரியில் பாணின் மேற்பகுதி சிவந்து இறுகுவதற்கும் இறைச்சி வறுபடும்போது நிறம் மாறுவதற்கும் பின்னாலுள்ள இரசாயனத்தை 1912இல் பிரான்சின் லூயி கமீல் மையார் விவரித்தார். சர்க்கரை மூலக்கூறு ஒன்று புரதத்தின் மீது ஒட்டிக்கொள்கிறது. பிறகு படிப்படியாக வடிவம் மாறி, கடைசியில் பக்கத்துப் புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது. அடுப்பின் சூட்டில் இது நிமிடக்கணக்கில் முடிந்துவிடும். உடலின் 37 பாகை வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கும். நொதியம் எதுவும் வேண்டாம். சீனியும் புரதமும் காலமும் இருந்தால் போதும்.

இதன் ஆரம்பப் படியை நீரிழிவு நோயாளர்கள் பலர் ஏற்கெனவே அறிவார்கள். கடந்த சில மாதங்களின் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறதல்லவா? அது அளப்பது, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் புரதத்தின் மீது எவ்வளவு குளுக்கோசு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். சிவப்பு இரத்தக் கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அதனால் அந்தக் கணக்கு மூன்று மாதங்களுக்கு மேல் பின்னோக்கிப் போகாது. பழைய கலம் அழிந்து புதியது வரும், கறையும் அதோடு போய்விடும்.

கொலாஜனுக்கு அந்த வசதி இல்லை. தோலிலுள்ள கொலாஜனில் பாதி மாற்றப்படுவதற்கே சுமார் 15 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூட்டுக் குருத்தெலும்பில் அது நூறு ஆண்டுகளைத் தாண்டுகிறது, அதாவது ஓர் ஆயுளுக்குள் அது மாறப்போவதில்லை. ஒருவருடைய இரத்தத்தில் பத்து ஆண்டுகளாகச் சீனி கூடியிருந்தால், அந்தப் பத்து ஆண்டுகளும் அவருடைய விரல் மூட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். தோல் தடித்து மெழுகு பூசியதுபோல் ஆகும். மூட்டு உறைகள் இறுகும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை.

1974இல் ரோசன்புளூம், ஃபிரையாஸ் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள், நீரிழிவுள்ள இளம் வயதினர் சிலருடைய விரல்கள் நிமிராமல் இருப்பதைப் பதிவுசெய்தார்கள். 1981இல் ரோசன்புளூமும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுதான் விடயத்தின் கனத்தைக் காட்டியது. சிறுவயதிலேயே நீரிழிவு தொடங்கியவர்களில், நோயுடன் 16 ஆண்டுகள் கடந்த நிலையில், விரல் மூட்டுகள் இறுகியிருந்தோருக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு 83 சதவீதம். மூட்டுகள் இலகுவாக இருந்தோருக்கு அது 25 சதவீதம் மட்டுமே. வளர்ந்தோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவிலும் கை இறுகுவதுண்டு. விழித்திரையின் நுண்குழாய்ச் சுவரிலும் சிறுநீரக வடிகளிலும் கொலாஜன்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதைக் கை வெளியில் காட்டுகிறது.

மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர்கள் இதை வேறொரு காரணத்துக்காகக் கவனிக்கிறார்கள். நீண்டகால நீரிழிவுள்ளவரின் விரல்கள் இறுகியிருந்தால் கழுத்து மூட்டுகளும் இறுகியிருக்கலாம். அப்போது சத்திரசிகிச்சையின்போது தொண்டைக்குள் குழாய் விடுவது கடினமாகும். அதனால் கையைக் கூப்பச் சொல்லிப் பார்ப்பதும், மை தடவிய உள்ளங்கையைக் காகிதத்தில் பதித்து எங்கே பதியவில்லை என்று பார்ப்பதும் உண்டு.

இலங்கையில் நீரிழிவு எவ்வளவு என்று அறிய 2005, 2006 காலப்பகுதியில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, வயதுவந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு அது இருப்பதாகச் சொன்னது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இந்த எண்ணுக்குப் பின்னால் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது: ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே ஆய்வு நடந்தது. வடக்கும் கிழக்கும் யுத்தம் காரணமாக விடப்பட்டன. 2006இல் மாவிலாற்றிலும் மூதூரிலும் என்ன நடந்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. சீனி பார்க்க யாரும் வரக்கூடிய காலமல்ல அது. ஆனால் அதே ஆண்டுகளில் சீனி இங்குள்ள கைகளில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2018, 2019இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது.

எல்லா மடங்கிய விரலும் சீனி அல்ல

விரல் மடங்கும் நோய் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது வேறொரு பெயர்: டுபுய்த்ரன் நோய். உள்ளங்கையில் சிறு கட்டியாகத் தொடங்கி, தோலுக்குக் கீழே கயிறுபோல ஒரு தடிப்பு வளர்ந்து, பெரும்பாலும் மோதிர விரலையும் சின்ன விரலையும் உள்ளே இழுத்துவிடும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களிடம் அதிகம், தெற்காசியர்களிடம் குறைவு. 'வைக்கிங் நோய்' என்ற செல்லப்பெயர்கூட உண்டு. ஆனால் நீரிழிவுள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. நடு விரலையும் மோதிர விரலையும் பற்றும், பொதுவாகக் கடுமை குறைவு.

இதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகுக்கு நீண்டகாலம் எடுத்தது. 1614இல் பாசல் நகரின் ஃபீலிக்ஸ் பிளாட்டர், கல் கொத்தும் ஒருவரின் மடங்கிய விரல்களை விவரித்து, தசைநாண் இடம்விட்டு விலகியதே காரணம் என்றார். 1777இல் இலண்டனில் இறந்தவரின் கையை அறுத்துப் பார்த்த ஹென்றி கிளைன், பிழை தசைநாணில் அல்ல, அதற்கு மேலுள்ள நார்ப்படலத்தில் என்று கண்டார். 1831இல் பரிசில் வண்டியோட்டி ஒருவருக்கு அந்தப் படலத்தை வெட்டி விரலை விடுவித்தவர் கியோம் டுபுய்த்ரன். பெயர் அவருக்குப் போய்விட்டது.

நார்ப்படலம் எப்படிச் சுருங்குகிறது என்பதற்கான விடை 1972இல்தான் வந்தது. கொலாஜனை உருவாக்கும் சாதாரண நார்க்கலங்கள் இங்கே தசைக்கலங்களைப்போல் மாறி, தம்மைச் சுற்றியுள்ள நாரைப் பிடித்து இழுக்கின்றன என்று கபியானி, மயினோ என்ற இருவர் காட்டினார்கள். காயம் ஆறும்போது அதன் வாயைச் சுருக்கி மூடுவதும் இதே கலங்கள்தான். காயம் ஆறியதும் அவை மறைந்துவிட வேண்டும், இந்த நோயில் மறைவதில்லை. கொலாஜனும் வகை மாறுகிறது. உறுதியான முதலாம் வகை நிறைந்திருக்க வேண்டிய இடத்தில், புதிய காயத்தில் காணப்படும் மூன்றாம் வகை கூடுகிறது. அதாவது, காயமே இல்லாத கை, காயம் ஆற்றிக்கொண்டே இருக்கிறது.

கொலாஜனைக் கட்டுவதும் பிரிப்பதும் எப்போதும் சேர்ந்தே நடக்க வேண்டியவை. இதை யாரும் எதிர்பாராத விதத்தில் காட்டியது ஒரு புற்றுநோய் மருந்து. 1990களில் இரைப்பைப் புற்றுநோயாளர் 12 பேருக்கு, கொலாஜன் முதலியவற்றைப் பிரிக்கும் நொதியங்களைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களில் 6 பேருக்குத் தோள் மூட்டு இறுகியது அல்லது டுபுய்த்ரன் போன்ற கை மடக்கம் வந்தது. பிரிக்கும் வேலை நின்றதும் கட்டும் வேலை மட்டும் மிஞ்சியது. எதிர்த்திசையிலும் மருந்து வந்தது. பக்டீரியா ஒன்றிலிருந்து எடுத்த, கொலாஜனைக் கரைக்கும் நொதியத்தை அந்தத் தடிப்புக்குள் ஊசியால் செலுத்தும் முறைக்கு 2010இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நரம்பையும் இரத்தக் குழாயையும் சுற்றியிருக்கும் நான்காம் வகைக் கொலாஜனை அது பெரிதாகத் தொடுவதில்லை என்பதுதான் அதன் அழகு. ஆனால் விலை அதிகம். 2020இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்தே நிறுவனம் அதை விலக்கிக்கொண்டது. காரணம் வணிகம், மருத்துவம் அல்ல. இன்றைக்கும் பரவலாக நடப்பது, தடித்த நாரை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சையும் ஊசி முனையால் அதை அறுத்துவிடும் சிறிய முறையும்தான்.

அப்படியானால் வலை இழுத்த கை, கல் கொத்திய கை? பிளாட்டர் காலத்திலிருந்தே கேட்கப்படும் கேள்வி இது. பரம்பரைக்கு வலுவான பங்கு இருப்பது நிறுவப்பட்டிருக்கிறது. வேலையைப் பொறுத்தவரை, அதிரும் கருவிகளுடன் நீண்டகாலம் வேலை செய்வோர் விடயத்தில்தான் ஆதாரம் ஓரளவு தெளிவு. பிரித்தானியா 2019இல் அவர்களுக்கு இதைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. கொங்கிரீட் உடைக்கும் இயந்திரத்துடன் வெயிலில் நிற்கும் நம்மவர்களைப் பற்றி இங்கே யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே தவறவே கூடாத ஒன்று

மூன்றாவது நோய் தொழுநோய். முழங்கையின் உட்புறமாக ஓடும் நரம்பை அது தாக்கும்போது மடங்குவதும் அதே சின்ன விரலும் மோதிர விரலும்தான். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று கைகளும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் இதில் கொலாஜனுக்கு ஆரம்பத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. விரலை நிமிர்த்தும் சிறு தசைகளுக்குக் கட்டளை போகாததால் அவை தளர்ந்துவிடுகின்றன. மற்றக் கையால் பிடித்து நிமிர்த்தினால், தொடக்க காலத்தில், விரல் நிமிரும். சீனியால் இறுகிய விரலும் டுபுய்த்ரன் விரலும் அப்படி நிமிராது. தொழுநோய்க் கையில் உணர்ச்சியும் குறைந்திருக்கும்.

கொல்லிமலையில் பிறந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபின் இப்படிப்பட்ட கைகளில்தான் தம் காலத்தைச் செலவிட்டார். வேலை செய்யும் ஒரு தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை மீண்டும் நிமிர வைத்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாக 'அழுகி விழுவதில்லை' என்பதையும் அவரே வலியுறுத்திச் சொன்னார். சூடும் வெட்டும் தெரியாததால் அவை காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன.

எண்ணெய் பூசிச் சூடாக ஒத்தடம் கொடுப்பது இங்கேதான் ஆபத்தாகிறது. உணர்ச்சியில்லாத கைக்கு வெந்துபோவது தெரியாது. நீண்டகால நீரிழிவில் நரம்பு பாதிக்கப்பட்ட கைக்கும் இது பொருந்தும்.

இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய தொழுநோயாளர்கள் இனங்காணப்படுகிறார்கள். மருந்து இலவசம், நோய் முழுமையாகக் குணமாகும். எனினும் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தால் நோயாளர்களைப் பிரித்து அடைத்த காலமும், மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவும் கிழக்கில் இன்னும் மறக்கப்படவில்லை. மடங்கிய விரலைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு திரிபவர்கள் இருப்பது அதனால்தான். மறைப்பவரின் கையில் இருப்பது வெறும் சீனியாகவும் இருக்கலாம் என்பது இதிலுள்ள சோகம்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடியவை நான்கு. கை கூப்பி இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். மேசை மீது உள்ளங்கையைத் தட்டையாக வையுங்கள். டுபுய்த்ரன் என்றால் விரலோ உள்ளங்கையோ மேசையைத் தொடாமல் எழும்பி நிற்கும், தடவினால் கயிறுபோல ஒன்று அகப்படும். மற்றக் கையால் விரலை நிமிர்த்திப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருவரைப் பஞ்சால் விரல் நுனிகளைத் தொடச் சொல்லுங்கள். விரல் மடங்கி, 'டக்' என்ற சத்தத்தோடு விடுபடுகிறது என்றால் அது தசைநாண் உறை தடித்ததால் வரும் வேறு தொல்லை. அதுவும் நீரிழிவில் அதிகம். இவற்றில் எதையும் கொண்டு நோயை முடிவுசெய்ய முடியாது. ஆனால் வைத்தியரிடம் 'விரல் இழுக்குது' என்று மட்டும் சொல்வதற்கும் இந்த நான்கையும் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச சுகாதார நிலையங்களில் சீனியும் இரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. அங்கே ஆண்கள் வருவது குறைவு என்பது நாடு முழுவதற்கும் பொதுவான முறைப்பாடு. விடியற்காலையில் கடலில் நிற்பவருக்கு அந்த நேரம் எப்படிச் சரிவரும் என்ற கேள்வியும் நியாயமானதே.

சீனிதான் காரணம் என்று உறுதியானால், கை உடனே திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. விழுந்த முடிச்சுகளை அவிழ்க்கும் மருந்து இன்னும் பாவனைக்கு வரவில்லை. சீனியைக் கட்டுப்படுத்தினால் புதிய முடிச்சுகள் விழுவது குறையும். விரல்களுக்கான பயிற்சி, இருக்கும் அசைவைக் காப்பாற்ற உதவும். எச்பிஏ1சி மூன்று மாதத்தில் இறங்கிவிடும். கையின் கணக்கு ஆண்டுகளில் நடக்கும். ஆனால் கை கூப்பியதில் இடைவெளி தெரிந்தவர் அந்த மாதமே கண்ணையும் சிறுநீரையும் பரிசோதித்துக்கொள்ளலாம். விழித்திரைப் பாதிப்புக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும், ஆரம்பத்தில் பிடிபட்டால், சிகிச்சை இருக்கிறது.